சிஎல்ஏ: சுண்டெலிக்குக் கரைந்த கொழுப்பு நமக்கு ஏன் கரையவில்லை?

கேள்வி, ஜனவரி 8

கான்ஜுகேட்டட் லினோலெயிக் அமிலம், சுருக்கமாகச் சிஎல்ஏ. தீவனத்தில் அரை சதவீதம் சேர்த்ததற்கே எலிகளின் உடல் கொழுப்பு பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. புற்றுக் கட்டிகளையும் தடுத்திருக்கிறது. பாலிலும் இறைச்சியிலும் இயற்கையாகவே இருக்கிற பொருள்தான். இவ்வளவு நிரூபணம் இருந்தும் மருத்துவர்கள் ஏன் இதை எழுதித் தருவதில்லை? மாத்திரையாக வாங்கிச் சாப்பிடுவதில் என்ன தவறு?

ஜனவரி 8, இரவு

நீங்கள் சொன்ன ஆய்வு உண்மையானது. 1997-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு வெளியிட்டது. ஆண் சுண்டெலிகளில் 57 சதவீதம், பெண் சுண்டெலிகளில் 60 சதவீதம் உடல் கொழுப்பு குறைவு. யாரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும் எண்கள்தான்.

ஆனால் அது சுண்டெலி. புற்றுக் கட்டி ஆய்வுகளில் முக்கியமானது பெரிய எலியில் நடந்தது. பால், இறைச்சி என்று நீங்கள் சொல்வது மூன்றாவது விஷயம். மூன்றையும் ஒரே வரியில் கோத்துவிட்டீர்கள். மூன்றிலும் ‘சிஎல்ஏ’ என்ற பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் பொருள் ஒன்றில்லை. விரிவாக நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 9

சரி, வேதியியலில் தொடங்குகிறேன். இது புரியாமல் மற்றது எதுவும் புரியாது.

லினோலெயிக் அமிலம் 18 கார்பன் கொண்ட சங்கிலி. அதில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள், 9-ஆம் இடத்தில் ஒன்று, 12-ஆம் இடத்தில் ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு கார்பன் சும்மா நிற்கும். அந்த இடைவெளி போய், இரட்டைப் பிணைப்பு, ஒற்றை, மறுபடி இரட்டை என்று அடுத்தடுத்து வந்தால் அது சிஎல்ஏ. எடை மாறாது, அணுக்களின் எண்ணிக்கை மாறாது. பிணைப்பு எந்த இடத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் வளைகிறது (சிஸ், டிரான்ஸ் என்பவை அந்த வளைவின் பெயர்கள்) என்பது மட்டும் மாறும். எனவே சிஎல்ஏ என்பது ஒரு குடும்பப் பெயர். அந்தக் குடும்பத்தில் நமக்கு வேண்டியவை இரண்டு:

சிஸ்-9, டிரான்ஸ்-11. பாலிலும் இறைச்சியிலும் உள்ள சிஎல்ஏ-யில் முக்கால் பங்குக்கு மேல் இதுதான். 1998-ல் இதற்கு ருமெனிக் அமிலம் என்ற பெயரை முன்வைத்தார்கள்.

டிரான்ஸ்-10, சிஸ்-12. பாலில் இது மிகச் சொற்பம்.

இனி 9-11 என்றும் 10-12 என்றும் எழுதுகிறேன். மாத்திரையில் இருப்பது குசும்பா எண்ணெயையோ சூரியகாந்தி எண்ணெயையோ காரத்துடன் சூடாக்கிச் செய்வது. அப்படிச் செய்யும்போது இரண்டு வகையும் ஏறக்குறைய பாதிப் பாதியாக வரும். ‘பாலில் இருப்பதுதானே’ என்ற வாதம் இங்கேயே உடைகிறது. பாலில் இல்லை என்றே சொல்லத்தக்க ஒன்று மாத்திரையில் பாதி இருக்கிறது.

சுண்டெலியின் கொழுப்பைக் கரைத்தது அந்த 10-12 தான். தொல்லை தருவதும் அதே 10-12. பாலில் உள்ள 9-11 சாது.

ஜனவரி 9, சற்று நேரம் கழித்து

இது கண்டுபிடிக்கப்பட்ட கதையைச் சொல்லாமல் விட மனமில்லை.

1970-களின் பிற்பகுதியில் விஸ்கான்சினில் மைக்கேல் பரிசா பொரித்த மாட்டிறைச்சியை ஆராய்ந்தார். கடும் சூட்டில் இறைச்சியில் உருவாகும், மரபணுவைச் சேதப்படுத்தும் பொருள்களைத் தேடித்தான் போனார். அவை கிடைத்தன. கூடவே, அந்தச் சேதத்தைத் தடுக்கும் ஏதோ ஒன்றும் அதே சாற்றில் இருந்தது. எதிரியைத் தேடிப் போன இடத்தில் காவலாளி நின்றிருக்கிறான். அதை விடாமல் துரத்தி, 1985-ல் சுண்டெலித் தோலில் கட்டிகள் குறைவதைக் காட்டினார்கள். 1987-ல்தான் அந்தப் பொருள் லினோலெயிக் அமிலத்தின் இந்த மாற்று வடிவங்கள் என்று அடையாளம் கண்டார்கள். எதிர்பாராத ஒன்றை ‘சோதனை கெட்டுவிட்டது’ என்று தூக்கி எறியாமல் இத்தனை வருடம் பின்தொடர்ந்த அந்தப் பொறுமைமேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஜனவரி 11

ஒருவர் கேட்டிருக்கிறார்: “எலிக்குக் கொடுத்த அளவு மனிதனுக்கு எவ்வளவு ஆகும்?”

தீவனத்தில் 0.5 சதவீதம். நாம் ஒரு நாளில் நீர் நீக்கிய எடையில் சுமார் 500 கிராம் உணவு உண்கிறோம் என்று வைத்துக்கொண்டால், அதில் அரை சதவீதம் 2.5 கிராம். மனித ஆய்வுகளில் பெரும்பாலும் 3 கிராமுக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். ஆக மனிதருக்குப் போதுமான அளவு கொடுத்தும் பலன் குறைவு.

ஜனவரி 12

நேற்றைய கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இரவு படுத்த பிறகு உறுத்தியது.

25 கிராம் சுண்டெலி ஒரு நாளைக்குச் சுமார் 4 கிராம் தீவனம் தின்னும். அதில் அரை சதவீதம் 20 மில்லிகிராம். ஒரு கிலோ உடல் எடைக்கு 800 மில்லிகிராம். 70 கிலோ மனிதருக்கு இதே விகிதத்தில் 56 கிராம்! மனிதருக்கு யாரும் அதன் பக்கத்தில்கூடக் கொடுக்கவில்லை. ‘போதுமான அளவு கொடுத்தும்’ என்று நான் எழுதியது தவறு.

ஜனவரி 12, இரவு

மருந்தியல் படித்த ஒரு வாசகர் திருத்தியிருக்கிறார், நன்றி. உடல் எடையை அப்படியே பெருக்கக் கூடாது, சிறிய உயிரினத்தின் வளர்சிதை மாற்றம் வேகமானது, எனவே உடல் பரப்பை வைத்துக் கணக்கிட வேண்டும் என்கிறார். சுண்டெலியின் கிலோ அளவை மனிதருக்கு மாற்ற ஏறத்தாழ 12-ஆல் வகுப்பது வழக்கம். 800-ஐ 12-ஆல் வகுத்தால் சுமார் 65 மில்லிகிராம். 70 கிலோவுக்கு நாலரை கிராம்.

மூன்று கணக்கு, மூன்று விடை: 2.5, 56, 4.5. மூன்றாவதைத்தான் நான் நம்புகிறேன். அது மனித ஆய்வுகளின் அளவுக்கு அருகில் வருகிறது. சுற்றி வளைத்து, முதலில் எழுதிய முடிவுக்கே வேறு காரணத்தோடு வந்திருக்கிறேன். அளவு குறைவு என்பதால் மட்டும் மனிதரில் பலன் சுருங்கவில்லை. அந்தச் சுண்டெலிகள் வளர்ந்துகொண்டிருந்த இளம் விலங்குகள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கொழுப்பு சேர்வதைத் தடுப்பது ஒரு வேலை. நாற்பது வயதில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டதைக் கரைப்பது வேறு வேலை.

ஜனவரி 15

மனித ஆய்வுகள். கேட்டவர் பொறுமையிழந்து ‘எண் போடுங்கள்’ என்கிறார்.

2000-ல் நார்வே ஆய்வு. உடல் பருமனான 60 பேர், 12 வாரம். நாளுக்கு 1.7, 3.4, 5.1, 6.8 கிராம் என்று நான்கு அளவுகள், ஒரு குழுவுக்கு வெறும் ஆலிவ் எண்ணெய். 3.4 கிராம் குழுவிலும் 6.8 கிராம் குழுவிலும் கொழுப்பு குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. நடுவில் உள்ள 5.1-ல் அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மருந்து சீராக வேலை செய்தால் நடுப்படி மட்டும் ஏன் தவற வேண்டும்? குழுக்கள் சிறியவை என்பது ஒரு விளக்கம். எப்படியானாலும் 3.4-க்கு மேல் கூடுதல் பலன் இல்லை என்பதே அவர்களின் முடிவு.

2004-ல் அதே நாட்டில் பெரிய ஆய்வு. 180 பேர், ஒரு முழு வருடம். வெற்று மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் உடல் கொழுப்பு ஒரு குழுவில் 8.7 சதவீதமும் மற்றொன்றில் 6.9 சதவீதமும் குறைவு. உடம்பில் 30 கிலோ கொழுப்பு உள்ள ஒருவருக்கு அது இரண்டரைக் கிலோ சுமார். ஒரு வருடத்துக்கு.

2007-ல் 18 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். நாளுக்கு 3.2 கிராம் எடுத்தால், வெற்று மாத்திரையைவிட வாரத்துக்கு 0.09 கிலோ கூடுதலாகக் கொழுப்பு குறைகிறது. தொண்ணூறு கிராம். அதுவும் ஆறு மாதம் வரை ஒரே சீராக, பிறகு மெதுவாகி நிற்கிறது. 2012-ல் ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடித்த 7 ஆய்வுகளை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். எடையில் 0.7 கிலோ, கொழுப்பில் 1.33 கிலோ வித்தியாசம்.

ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இருக்கிறது, ஆனால் சிறியது. சுண்டெலியின் 60 சதவீதத்தை மனதில் வைத்துக்கொண்டு மாத்திரை வாங்குகிறவர் இந்த 1.33-ஐயும் பார்த்துவிட்டு வாங்கட்டும்.

ஜனவரி 15, பின்குறிப்பு

அந்தச் சுண்டெலிகளின் கொழுப்பு எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். 2000-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் தீவனத்தில் 1 சதவீதம் சிஎல்ஏ கொடுத்துப் பார்த்தார்கள். கொழுப்பணுக்கள் தாமாகவே மடிந்தன. கொழுப்பைச் சேமிக்க இடமில்லாமல் போனதும் கல்லீரல் வீங்கிக் கொழுப்பேறியது. இரத்தத்தில் இன்சுலின் எகிறியது. மெலிந்த சுண்டெலி என்று படத்தில் பார்ப்பது ஆரோக்கியமான சுண்டெலி ஆகாது. கொழுப்பணு என்பது அழித்தொழிக்க வேண்டிய குப்பை இல்லை, அது ஒரு கிடங்கு. கிடங்கை இடித்தால் சரக்கு தெருவில் கிடக்கும்.

ஜனவரி 19

என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த இழையில் நான் இவ்வளவு எழுதுவதற்கு அதுதான் காரணம்.

அக்காவுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தது. இடுப்புச் சதையைக் குறைக்கச் சிஎல்ஏ மாத்திரை நல்லது, ‘இயற்கையானது’ என்று உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ சொல்ல, ஐந்து மாதம் எடுத்தாள். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அப்போது ‘பால் கொழுப்பில் இருப்பதுதானே, எடுத்துக்கொள்’ என்றே சொல்லியிருப்பேன். பால் கொழுப்பைப் பகுப்பாய்வு செய்யும் வேலையில் இருந்துகொண்டே மாத்திரையில் உள்ள கலவையைப் பற்றி எனக்குத் தெரியாது. அடுத்த பரிசோதனையில் வெறும்வயிற்றுச் சர்க்கரை ஏறியிருந்தது. அன்றுதான் உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன்.

கிடைத்தது 2002-ல் வந்த சுவீடன் ஆய்வு. உப்சாலாவில் உல்ஃப் ரிசேரஸும் அவர் குழுவும் செய்தது. வயிற்றுப் பருமன் உள்ள 60 ஆண்கள், 12 வாரம், நாளுக்கு 3.4 கிராம். ஒரு குழுவுக்குக் கலவை, ஒரு குழுவுக்குத் தனியாகப் பிரித்த 10-12, ஒரு குழுவுக்கு வெற்று மாத்திரை. தனி 10-12 எடுத்தவர்களுக்கு இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலை, 19 சதவீதம் கூடியது. இரத்தச் சர்க்கரை 4 சதவீதம் ஏறியது. நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் 4 சதவீதம் இறங்கியது.

அக்காவுக்கு மாத்திரையால்தான் ஏறியது என்று நான் சொல்ல முடியாது. அந்த ஐந்து மாதத்தில் முழங்கால் வலியால் நடைப்பயிற்சியையும் நிறுத்தியிருந்தாள். அவளுடையது கலவை மாத்திரை, தனி 10-12 இல்லை. ஒரு ஆள், ஒரு அளவீடு. ஆனால் சர்க்கரை எல்லையில் நிற்கிற ஒருவர் தொடக்கூடாத பொருள் அது என்பதை அந்த மாத்திரைப் புட்டியில் எங்கும் எழுதவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-ல் இரண்டு வணிகத் தயாரிப்புகளை மதிப்பிட்டது. ஒன்றுக்கு நாளுக்கு 3 கிராம், மற்றதற்கு 3.5 கிராம், அதுவும் ஆறு மாதம் வரைக்கும்தான் பாதுகாப்பானது என்றது. அதற்கு மேல் நிறுவப்படவில்லை. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கும் நிறுவப்படவில்லை. அதே ஆண்டு, சிஎல்ஏ உடல் எடையைப் பேண உதவும் முதலான விளம்பர வாசகங்களுக்குக் காரண விளைவுத் தொடர்பு நிறுவப்படவில்லை என்றும் அதே ஆணையம் சொன்னது. கேள்வி கேட்டவருக்கு: மருத்துவர் ஏன் எழுதித் தருவதில்லை என்றீர்களே, விடை பெரும்பாலும் இந்தப் பத்தியில் இருக்கிறது.

ஜனவரி 20

ஜனவரி 9-ல் ‘9-11 சாது’ என்று எழுதியிருந்தேன். எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். விட்டுவைக்கிறேன், ஆனால் இதையும் சேர்த்துப் படியுங்கள்.

அதே ரிசேரஸ் குழு 2004-ல் பருமனான 25 ஆண்களுக்கு மூன்று மாதம், நாளுக்கு 3 கிராம் 9-11 கொடுத்தது. இன்சுலின் உணர்திறன் 15 சதவீதம் குறைந்தது. நல்லவன் கெட்டவன் என்று இரண்டு ஐசோமர்களையும், அதாவது இரண்டு வடிவங்களையும், பிரித்துவைத்த என் கதை அங்கே ஆட்டம் கண்டது. உணவிலிருந்து நமக்கு ஒரு நாளில் கிடைக்கும் சிஎல்ஏ மில்லிகிராம் கணக்கு. அமெரிக்காவில் அளந்தபோது ஆண்களுக்கு 212 மில்லிகிராம், பெண்களுக்கு 151 மில்லிகிராம் என்று வந்தது. 3 கிராம் என்பது அதைப்போல் பதினைந்து இருபது மடங்கு. அந்த அளவில் சாதுவும் சாதுவாக இருப்பதில்லை.

ஜனவரி 24

ஆய்வகத்தில் எனக்கு நேர்ந்த ஒன்று. ஆய்வு முடிவுகளைப் படிக்கிறவர்களுக்குப் பயன்படும்.

வேலையில் சேர்ந்த புதிதில் பால் கொழுப்பு மாதிரிகளைக் கேஸ் குரோமட்டோகிராபியில் (கலவையை ஆவியாக்கிப் பிரித்து அளக்கும் முறை) ஓட்டிக்கொண்டிருந்தேன். கொழுப்பமிலத்தை முதலில் மெத்தில் எஸ்டராக மாற்ற வேண்டும், அப்போதுதான் ஆவியாகும். எங்கள் வழக்கம் அமிலம் சேர்த்துச் சூடாக்குவது. ஒரு தொகுதி மாதிரிகளின் வரைபடத்தில், இரண்டு பிணைப்பும் டிரான்ஸாக உள்ள டிரான்ஸ்-டிரான்ஸ் வகையின் அளவைக் காட்டும் சிகரம் வழக்கத்தைவிட உயரமாக நின்றது. புதிதாக ஏதோ கண்டுவிட்டேன் என்று இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. ஆய்வகத்தின் மூத்த அம்மா ஒருவர் வந்து பார்த்தார். “அமிலத்தில் எவ்வளவு நேரம் வைத்தாய்?” என்று மட்டும் கேட்டார்.

அமிலமும் சூடும் சேர்ந்தால் சிஸ்-டிரான்ஸ் வகைகள் தாமாகவே டிரான்ஸ்-டிரான்ஸாக மாறிவிடும். நான் பார்த்தது பசுவின் வேலை இல்லை, என் சோதனைக் குழாயின் வேலை. பிறகு சோடியம் மெத்தாக்சைடு என்ற காரத்தைக் கொண்டு, சூடில்லாமல் செய்தோம், சிகரம் அடங்கிவிட்டது. காரமுறைக்கும் ஒரு குறை உண்டு, தனியாக நிற்கும் கொழுப்பமிலத்தை அது எஸ்டராக்காது. பாலில் அது பெரும்பாலும் கிளிசராலோடு பிணைந்து கிளிசரைடாகவே இருப்பதால் பரவாயில்லை.

அதிலிருந்து எந்தச் சிஎல்ஏ அட்டவணையைப் பார்த்தாலும் முதலில் நான் தேடுவது செய்முறைப் பகுதியைத்தான். அமிலமுறை என்றிருந்து, டிரான்ஸ்-டிரான்ஸ் எண் பெரிதாக இருந்தால் அடுத்த பக்கத்துக்குப் போவதில்லை.

ஜனவரி 27

பசுவுக்குள் சிஎல்ஏ எப்படி வருகிறது என்று கேட்டவருக்கு.

பசு தின்னும் புல்லிலும் தானியத்திலும் லினோலெயிக் அமிலம் இருக்கிறது. முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்களுக்கு அது ஒவ்வாது. எனவே ஹைட்ரஜன் ஏற்றி அதை நிறைவுற்ற கொழுப்பாக மாற்றிவிடும். அந்த வழியில் முதல் படியாக 9-11 உருவாகும். 1966-ல் பியூட்டிரிவிப்ரியோ ஃபைப்ரிசால்வன்ஸ் என்ற பாக்டீரியாவில் இதைக் காட்டினார்கள். அந்த இடைப்பொருளில் கொஞ்சம் தப்பித்துப் பாலுக்கு வருகிறது.

ஜனவரி 28

மேலே எழுதியதில் முக்கியமான பாதி விடுபட்டுவிட்டது. பாலில் உள்ள 9-11-ல் பெரும்பகுதி இரைப்பையிலிருந்து வருவதில்லை. இரைப்பையிலிருந்து தப்பி வருவது பெரும்பாலும் அடுத்த படியான வாக்சினிக் அமிலம், டிரான்ஸ்-11. பால்மடியில் உள்ள ஒரு நொதி அதன் 9-ஆம் இடத்தில் இரட்டைப் பிணைப்பைப் போட்டு 9-11 ஆக்கிவிடுகிறது. 2000-ல் கிரீனாரி, பௌமன் குழுவினர் அந்த நொதியை முடக்கிப் பார்த்து, பாலின் 9-11-ல் சுமார் 64 சதவீதம் இப்படி மடியிலேயே செய்யப்படுவது என்று கணித்தார்கள்.

நம் உடலிலும் இந்த நொதி உண்டு. 2002-ல் மனிதருக்கு வாக்சினிக் அமிலம் கொடுத்துப் பார்த்தபோது சராசரியாக 19 சதவீதம் 9-11 ஆக மாறியது. எனவே உணவுப் பொருளில் சிஎல்ஏ மட்டும் அளந்தால் கணக்கு குறையும்.

மேய்ச்சல் பசுவின் பாலில் இது அதிகம். மேய்ச்சலை மட்டும் நம்பிய பசுக்களின் பால் கொழுப்பில் கிராமுக்கு 22.1 மில்லிகிராம், கலப்புத் தீவனம் தின்ற பசுக்களில் 3.8 என்று 1999-ல் ஒரு ஆய்வு. இதன் முதல் தடயம் 1935-லேயே கிடைத்துவிட்டது. மேய்ச்சலுக்குத் திறந்துவிட்ட பிறகு வெண்ணெய்க் கொழுப்பு 230 நானோமீட்டர் அருகே புற ஊதா ஒளியைக் கூடுதலாக உறிஞ்சுவதைப் பூத் என்பவரும் சக ஆய்வாளர்களும் பதிவு செய்தார்கள். அடுத்தடுத்த இரட்டைப் பிணைப்பின் முத்திரை அது. அது எந்தப் பொருள் என்று தெளிய இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

ஜனவரி 29

இது கேள்வியிலிருந்து விலகுகிறது, ஆனாலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி.

தானியம் அதிகம், நார் குறைவு என்று தீவனம் கொடுத்தால் பசுவின் பாலில் கொழுப்பு சரிந்துவிடும். பால் அளவு குறையாது, கொழுப்பு மட்டும் சரியும். நெடுங்காலம் காரணம் பிடிபடவில்லை. 2000-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பௌமன் குழு, இரைப்பைகளின் கடைசி அறைக்குள் நேரடியாக ஐசோமர்களைச் செலுத்திப் பார்த்தது. நாளுக்கு வெறும் 10 கிராம் 10-12. நான்கே நாளில் பால் கொழுப்பு நாற்பது சதவீதத்துக்கு மேல் வீழ்ந்தது. அதே அளவு 9-11 எதுவும் செய்யவில்லை. அந்த மாதிரித் தீவனத்தில் இரைப்பை நுண்ணுயிர்களின் பாதை 10-ஆம் இடத்துக்கு விலகுகிறது, அதுதான் காரணம்.

அவ்வளவு பெரிய மிருகம், பத்துக் கிராம். பிணைப்புகள் ஒரே ஒரு இடம் தள்ளி நிற்பது இவ்வளவு செய்கிறது. சிஎல்ஏ-யை ஒரே பொருளாகப் பேசாதீர்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

ஜனவரி 30

நேற்று எழுதியதைப் படித்த ஒரு பெண் கேட்டார்: பாலூட்டும் தாய்மார்கள் எடுத்தால்?

நல்ல கேள்வி. 2002-ல் 9 தாய்மார்களுக்கு ஐந்து நாள், நாளுக்கு 1.5 கிராம் கொடுத்தபோது தாய்ப்பாலின் கொழுப்பு குறைந்தது. 2007-ல் இன்னொரு ஆய்வில் அப்படி எதுவும் தெரியவில்லை. இரண்டுமே சிறியவை. ஆனாலும் பாலூட்டும் காலத்தில் இதைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. குழந்தையின் கொழுப்பில் கைவைக்கும் வாய்ப்பு சிறிதாக இருந்தாலும், அதற்கு ஈடாக இந்த மாத்திரை தரப்போவது என்ன?

பிப்ரவரி 3

புற்றுநோய் பற்றிப் பாக்கி வைத்திருந்தேன்.

1991-ல் பஃபலோ நகரத்து ராஸ்வெல் பார்க் நிறுவனத்தில் கிளெமென்ட் இப் என்ற ஆய்வாளர் பெரிய எலிகளின் தீவனத்தில் 0.5, 1, 1.5 சதவீதம் சேர்த்தார். மார்புக் கட்டிகளின் எண்ணிக்கை முறையே 32, 56, 60 சதவீதம் குறைந்தது. படிப்படியான குறைவு, ஒரு சதவீதத்துக்கு மேல் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. 1996-ல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழுவின் அறிக்கை, விலங்குச் சோதனைகளில் புற்றைத் தடுப்பதாக ஐயமறக் காட்டப்பட்ட ஒரே கொழுப்பமிலம் இது என்றது. விளம்பரங்களில் இந்த வரி ‘விலங்குச் சோதனைகளில்’ என்ற சொற்கள் இல்லாமல் வரும். அந்தச் சொற்களில்தான் எல்லாமே இருக்கிறது.

மனிதரில்? நெதர்லாந்தின் பெரிய தொடராய்வு 2002-ல் மார்புப் புற்றுக்குப் பாதுகாப்பு எதையும் காணவில்லை, லேசாக எதிர்த்திசையில்கூடத் தெரிந்தது. சுவீடனில் அறுபதாயிரம் பெண்களைத் தொடர்ந்த ஆய்வில், 2005-ல், சிஎல்ஏ அதிகம் உண்டவர்களுக்குப் பெருங்குடல் புற்று குறைவாக இருந்தது. 2009-ல் மார்புப் புற்றைப் பார்த்தபோது தொடர்பே இல்லை. குடல் கணக்கை நான் ஒதுக்கவில்லை. ஆனால் அங்கே சிஎல்ஏ தனியாக வரவில்லை, கொழுப்புள்ள பாலோடும் பாலாடைக்கட்டியோடும் வந்தது. எது வேலை செய்தது என்று பிரிக்க முடியாது.

பிப்ரவரி 4

“டிரான்ஸ் என்ற சொல் இருக்கிறதே, அப்படியானால் இது டிரான்ஸ் கொழுப்பா?” என்றொரு கேள்வி. வடிவத்தில் ஆம். உணவுச் சீட்டின் சட்டக் கணக்கில் பல இடங்களில் இல்லை. கோடெக்ஸ் எனும் பன்னாட்டு உணவுத் தர நெறியின் வரையறையும் அமெரிக்க விதியும், அடுத்தடுத்து வராத இரட்டைப் பிணைப்பு உள்ளவற்றையே டிரான்ஸ் கொழுப்பாக எண்ணுகின்றன. சிஎல்ஏ அதனால் வெளியே நிற்கிறது. ‘டிரான்ஸ் கொழுப்பு 0’ என்று மாத்திரைப் புட்டியில் பார்த்தால் அது பொய்யில்லை, ஆனால் அதை வைத்து இதயத்துக்கு நல்லது என்று முடிவு கட்ட வேண்டாம்.

பிப்ரவரி 9

கேள்வி கேட்டவர் தன் புட்டியின் சீட்டை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறார். ‘மென்மாத்திரை ஒன்றில் 1000 மில்லிகிராம், சிஎல்ஏ 80 சதவீதம், நாளுக்கு நான்கு.’

படிக்கும் முறை இது. ஒரு மாத்திரையில் சிஎல்ஏ 800 மில்லிகிராம்தான், மீதி வேறு கொழுப்பமிலங்கள். நான்குக்கு 3.2 கிராம். பாதிப் பாதிக் கலவை என்றால் அதில் 10-12 சுமார் 1.6 கிராம். ஐசோமர் விகிதம் சீட்டில் இல்லை, எத்தனை மாதம் எடுக்கலாம் என்றும் இல்லை, சர்க்கரை உள்ளவர்களுக்கான எச்சரிக்கையும் இல்லை. நீங்கள் இரண்டு மாதம் எடுத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். வெறும்வயிற்றுச் சர்க்கரையும் எச்டிஎல்லும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள், மாத்திரை எடுப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். தயாரிப்பாளருக்கு ஒரு கடிதம் போடுங்கள், 9-11 எவ்வளவு, 10-12 எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.

பிப்ரவரி 10

அக்கா மாத்திரையை நிறுத்தி ஏழு மாதம் ஆகிறது. முழங்கால் தேறி நடக்கவும் ஆரம்பித்துவிட்டாள். போன வாரம் சர்க்கரை பழைய இடத்துக்கு இறங்கியிருக்கிறது. நிறுத்தியதாலா, நடந்ததாலா என்று இப்போதும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவளுக்கு அது தெரிய வேண்டியதில்லை, எனக்குத்தான் தெரிய வேண்டும் போலிருக்கிறது.

தயாரிப்பாளரிடமிருந்து பதில் வந்தால் அந்த இரண்டு எண்களையும் இங்கேயே போடுங்கள்.